பையில் கிடந்த நேற்றைய ரொட்டி

பிலிப்பு,

போன வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டேன். பால்காரர் வரவில்லை. போனில் பேசும்போது நீ எப்போதும் எங்கேயோ நடந்துகொண்டே பேசுகிறாய், எனக்கும் மூச்சு வாங்குகிறது. அதனால் எதிர்வீட்டு அல்போன்ஸ் சாரை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த கைதான், எழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவார். திருத்தட்டும். ஆனால் எதையும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்டது இது. உன் ஆப்பில் இன்னும் ஜனம் சேரவேண்டும், மூன்று மாதத்துக்குள் சேராவிட்டால் பணம் போட்டவர்கள் மூடிவிடுவார்கள், அதனால் நான் இன்னொரு தரம் நெல்லித்தோப்பிலும் மூலக்குளத்திலும் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். "உன் மூஞ்சிக்காவாவது போடுவாங்கப்பா" என்றாய். நான் போகப்போவதில்லை. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வலிக்கவும்தான் செய்கிறது. ஆனால் காரணம் அது இல்லை. காரணத்தைச் சொல்ல நான் ரொம்ப தூரம் சுற்றி வரவேண்டியிருக்கிறது. அவசரப்படாமல் படி.

உன் பொருளை உனக்கே விளக்குவது வேடிக்கைதான். இருந்தாலும் என் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று ஒரு தரம் கேள். ஒரு சூரியன் படம். தனியாக இருக்கிற கிழவனோ கிழவியோ காலையில் எழுந்ததும் அதைத் தொடவேண்டும். ஒன்பது மணிக்குள் தொடாவிட்டால், துணை என்று யார் பெயரைக் கொடுத்திருக்கிறோமோ அவருடைய போன் அடிக்கும். 'விடிஞ்சாச்சு' என்று பெயர் வைத்தாய். எனக்கு எழுத்து தெரியாது என்பதற்காகவே எழுத்தை எடுத்துவிட்டுச் சூரியனைப் போட்டாய். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பிரான்சுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு, பூட்டிய அறைகளுக்கு நடுவே ஒற்றை அறையில் படுத்துக் கிடக்கிற ஜனங்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது வேண்டியதுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

முதலில் அது எப்படிப் பரவியது என்று உனக்குத் தெரியாது. நீ ஒட்டிய போஸ்டரால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போஸ்டரை மாடு தின்றது. பரவியது செலினால். நம் தெருக்கோடி செலின், பக்கத்து வீட்டு விக்டோரியாவுக்குத் துணையாகப் பெயர் கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். செலின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், "விக்டோரியா இன்னும் சூரியனத் தொடல. போய்ப் பாத்துட்டு வந்துடறேன், எனக்கும் சேத்து மீன் வாங்கி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். போய்க் கதவைத் தட்டினால் விக்டோரியா நைட்டியோடு வந்து நிற்கிறாள். மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாளாம். "ஞாயித்துக்கெழமகூட ஒரு மனுஷியத் தூங்க உடமாட்டியாடி நீ" என்று திட்டியிருக்கிறாள். இதைச் செலின் மீன்காரி முன்னால் விக்டோரியா மாதிரியே நடித்துக் காட்டினாள். ஆறு பெண்கள் சிரித்தார்கள். அந்த ஆறு பேரில் நாலு பேர் அந்த வாரமே என்னிடம் வந்து, "அது என்னா ரொட்டிக்காரரே, சூரியன்னு என்னமோ சொல்றாளே" என்று கேட்டார்கள். சைக்கிளில் ரொட்டி போடுவதை விட்டு எத்தனையோ வருஷமாகியும் எனக்கு அந்தப் பெயர்தான்.

அப்போது நான் கவனித்ததைச் சொல்கிறேன். நான் போய்ச் சொன்னபோது, "ஓகோ, பையன் பண்ணியிருக்கானா" என்று தலையாட்டினார்கள். எனக்காகப் போட்டார்கள், பத்து நாளில் மறந்தார்கள். செலின் சொன்னபோது யாரும் அவளுக்காகப் போடவில்லை. தனக்கும் இப்படி ஒருத்தி பூசையை விட்டு ஓடிவர மாட்டாளா என்று போட்டார்கள். செலினுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது, அந்தக் கதையில் அவள் நல்லவளாகவும் இருந்தாள். அதற்காகவே அந்த மாதம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்புறம் தெருவில் குசலம் விசாரிப்பதே மாறிப்போயிற்று. சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் தொட்டியா என்று கேட்டார்கள்.

நீ அதை அப்படியே விட்டிருக்கலாம். ஐந்து பேரைச் சேர்த்தால் ஒரு ஹாட்பாக்ஸ் என்று பெட்டி பெட்டியாக அனுப்பினாய். நானே ஆட்டோவில் ஏற்றி வந்து வீட்டில் அடுக்கினேன். செலினுக்கும் ஒன்று கிடைத்தது, பச்சை மூடி போட்டது. அதைப் பார்த்துவிட்டு விக்டோரியா, "என்னெ காப்பாத்தவாடி வந்தே, ஹாட்பாக்ஸுக்கில்ல வந்தே" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு செலின் அந்தக் கதையை யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. மிச்சம் ஏழு பெட்டி இன்னும் உன் அம்மா படத்துக்குக் கீழே இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

ஹாட்பாக்ஸ் சின்ன விஷயம். பெர்னதெத் அம்மா விஷயம் அப்படி இல்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. பெர்னதெத் அம்மா முன்பு நம்மிடம் ரொட்டி வாங்கியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் மனைவி, இப்போது மூலக்குளத்தில் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். பிரான்சில் இருக்கிற பிள்ளையோடு வீட்டு விஷயமாகத் தகராறு, ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இது ஊருக்கே தெரியும். நான் போய்த்தான் அவருக்கு ஆப்பைப் போட்டுக்கொடுத்தேன். துணையாகப் பக்கத்து வீட்டு நர்சம்மா பெயரைக் கொடுத்தார். நடுவில் ஏதோ நீளமாக எழுத்து வந்தது. கண்ணாடி உள்ளே இருக்கிறது, என்ன போட்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும். எது வந்தாலும் பச்சையை அழுத்து என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். பச்சையை அழுத்துங்கம்மா என்று நான் சொன்னேன். அவர் அழுத்தினார்.

போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவர் பெயரில் சேதி போவதற்கு அது சம்மதம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 'பெர்னதெத் உங்களைத் துணைக்கு அழைக்கிறார்' என்று காஸ் போடுகிறவருக்குப் போயிற்று. செத்துப்போன புருஷனின் பழைய நம்பருக்குப் போயிற்று, அது இப்போது யாரிடம் இருக்கிறதோ. பிள்ளைக்கும் போயிற்று. ஆறு வருஷம் கழித்து அவன் போன் செய்து கேட்ட முதல் வார்த்தை, "இப்ப என்னா வேணும் உனக்கு" என்பதுதான். நான் விசாரிக்கப் போனபோது அந்த அம்மாள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். "நான் கூப்புடல ரொட்டிக்காரரே. ஆறு வருஷமா கூப்புடாம இருந்தேன். கூப்புட்டதா ஆயிடுச்சி" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

அந்தச் சேதி மூலக்குளத்திலிருந்து நெல்லித்தோப்புக்கு மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு யாரும் ஹாட்பாக்ஸ் கொடுக்கவில்லை. நாலு நாளில் பாதிப் பேர் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொன்னபோது, "எல்லா ஆப்லயும் இருக்கறதுதான்பா அது" என்றாய். இருக்கலாம். மற்ற ஆப்புக்காகப் பெர்னதெத் அம்மா வீட்டுக் கேட்டில் நான் நிற்கவில்லை.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிற இடம். நீ இந்த ஆப்பை ஆரம்பித்ததே நான் சொன்ன ஒரு கதையில்தான் என்று அதன் தொடக்க விழாவில் மேடையில் ஏறிச் சொன்னாய். என்னை எழுந்து நிற்கச் சொன்னாய், கை தட்டினார்கள். அந்தக் கதையை நான் உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். தெரேஸ் மதாம் வீட்டுக் கதை. அது பாதிதான் உண்மை, பிலிப்பு.

விடியற்காலை சூளையிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போவேன். பிரெஞ்சுக் குடும்பத்தார் வீடுகளில் ராத்திரியே கேட்டில் துணிப்பையை மாட்டிவைப்பார்கள். பையில் ரொட்டியைப் போட்டு, ஒரு மணி அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். முகம் பார்க்கிற வேலை இல்லை. தெரேஸ் மதாம் தனி ஆள். ஒருநாள் அவர் பையில் முந்தின நாள் ரொட்டி அப்படியே கிடந்தது, நான் பார்த்தேன், உள்ளே விழுந்து கிடந்தவரைக் காப்பாற்றினேன். உனக்குச் சொன்னது இவ்வளவு.

நடந்தது இது. முந்தின நாள் ரொட்டி கிடந்ததைப் பார்த்தேன். காரைக்காலில் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் நாற்பது வீடு பாக்கி. பழைய ரொட்டியின்மேலேயே புது ரொட்டியை வைத்து, மணி அடித்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த நாள் போனால் பையில் இரண்டு ரொட்டி. அப்போதுதான் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தோம். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு நாளாகத் தரையில் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மதாம் என்னைப் பார்த்து, "பையில எத்தினி ரொட்டி இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுதான் மதாம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முந்தின நாளும் உன் மணிச் சத்தம் கேட்டுச்சு. கூப்புட்டேன், சத்தம் வரல" என்றார். பிறகு அங்கிருந்த எல்லோரையும் பார்த்து, "இவன் இல்லன்னா நான் இல்ல" என்றார்.

அதற்கப்புறம் செத்துப்போகும் வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். இரண்டே மாதத்தில் எனக்குப் பதினெட்டு வீடு கூடியது. தனியாக இருக்கிற அம்மாமார்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். ரொட்டி எல்லாச் சூளையிலும் ஒரே ரொட்டிதான். அந்த ரொட்டிக்காரன் பார்த்துக்கொள்வான் என்ற பேச்சைத்தான் அவர்கள் வாங்கினார்கள். அந்தப் பேச்சுக்கு நான் தகுதியில்லாதவன் என்று எனக்கும் மதாமுக்கும் மட்டும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒவ்வொரு பையையும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டியைப் போட்டேன். பழையது இருந்தால், கதவு திறக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எத்தனையோ நாள் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று. கடைசி வீடுகளுக்கு ரொட்டி ஆறிப்போய்த்தான் போகும். முதலில் பேச்சு வந்துவிட்டது, பின்னால் ஓடி ஓடி அதை உண்மையாக்கினேன். இருபத்திரண்டு வருஷம் ஓடினேன். எனக்கு இப்போது இருக்கிற அசதியில் பாதி அதுதான்.

நீ ஜனத்தைச் சொல்லவைக்கப் பார்க்கிறாய். சொல்லவைக்க முடியாது. அவர்களுக்கு ஒன்று நடந்தால் அவர்களாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்ன பிறகு நம்மால் தூங்க முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வியாபாரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இருந்தேன், அல்போன்ஸ் சார்தான், இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நான் சூரியனைத் தொடவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். போன் கட்டில்மேல் இருந்தது. ஒன்பது மணிக்கு உன் போன் அடிக்கும், நீ யாருக்காவது சொல்வாய் என்று தரையில் கிடந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். நேரம் எவ்வளவு ஆயிற்று என்று தெரியவில்லை. பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பிய அல்போன்ஸ் சார், நம் கேட்டில் பால் பாக்கெட் வெயிலில் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். ஆட்டோவில் போட்டுக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வேறொன்றும் பெரிதாக இல்லை, பயப்படாதே.

சாயந்திரம் நாலு மணிக்கு நீ போன் செய்தாய். "என்னாப்பா, சூரியனத் தொட மறந்துட்டியா? ரெண்டு நாளா சிஸ்டத்துல வேல நடக்குது, அதான் தப்பா அடிக்குதுன்னு நெனச்சேன்" என்றாய். ஆமாண்டா, மறந்துட்டேன் என்று சொன்னேன். அந்த ஞாயிறு வீடியோவில் பேசியபோது வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை. அதற்குத்தானே வைத்தேன்.

உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பையில் ரொட்டியைப் பார்த்துவிட்டுக் காரைக்கால் போயிருப்பார் என்று நினைத்தவன் நான். நாற்பது வீடு பாக்கி இருந்தால் மனசு அப்படித்தான் நினைக்கும். உனக்கு நாற்பதாயிரம் வீடு வேண்டும் என்கிறார்கள் பணம் போட்டவர்கள். அதுதான் எனக்குக் கவலை. தெரேஸ் மதாம் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இருந்தது, அது என்னைத் திருத்தியது. உனக்கும் ஒருவர் வேண்டாமா என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அந்தச் சேதி அனுப்புகிறதை எடுத்துவிடு. பணம் போட்டவர்கள் என்ன சொன்னாலும் எடுத்துவிடு. அடுத்த தரம் வரும்போது மூலக்குளத்துக்குப் போவோம், நானும் வருகிறேன். பெர்னதெத் அம்மாவிடம் மறுபடி ஆப்பைப் போடச் சொல்லிக் கேட்காதே. உள்ளே கூப்பிட்டால் உட்காருவோம், கூப்பிடாவிட்டால் கேட்டில் நின்று, தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வருவோம். மூன்று மாதத்தில் மூடினால் மூடட்டும். அந்த அம்மாளிடம் அதைச் சொல்லாமல் மூடாதே.

கடைசியாக ஒரு விஷயம். அல்போன்ஸ் சார் இந்த ஒரு வருஷமாக ஆப்பைப் போடாதவர் என்பது உனக்குத் தெரியும். நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்லியிருக்கிறாய். நேற்று அவரிடம் போய், சார், எனக்குத் துணையா இருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் பேசினார். "பையன் ஆப்பு, பையன் ஆப்புன்னு ஊரெல்லாம் சொன்னே. நீ தொணையா இருன்னு எங்கிட்ட ஒரு நாள் கேட்டியா?" என்றார். பிறகு மகள் விட்டுப்போன போனைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, உட்கார்ந்து போட்டுக்கொண்டார். வந்த எழுத்தையெல்லாம் எனக்கும் சேர்த்து வாய்விட்டுப் படித்தார். எல்லோருக்கும் சேதி அனுப்பலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்தினார். அவருக்குத் துணை யார் என்று ஆப் கேட்டது, என் பெயரைக் கொடுத்தார். இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நெல்லித்தோப்பில் ஒரு ஆள் கூடியிருப்பதை நீ அங்கே பார்த்திருப்பாய். போஸ்டரால் வந்ததில்லை, ஹாட்பாக்ஸால் வந்ததில்லை. நான் சேர்த்த ஆள். இனி நான் சூரியனைத் தொடாவிட்டால் முதலில் அவருடைய போன் அடிக்கும். உன் பெயரை நான் எடுத்துவிடவில்லை. இரண்டாவதாக இருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் உன்னுடையது அடிக்கும். அப்படி அடித்தால், சிஸ்டத்தில் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா